பத்து நாள் சார்ஜ்

கரமனை, திருவனந்தபுரம்
12 ஜனவரி 2024

அன்புள்ள மங்கலம்,

உன் கடிதம் கிடைத்தது. நானும் உன் மைனியும் சுகமாக இருக்கிறோம். இந்த மாதத்தில் வழக்கமாக வரும் முட்டிவலி எனக்கு வந்திருக்கிறது, வேறு குறை இல்லை. பூனாவில் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். நீ காதை மூடாமல் வெளியே போகாதே. ஸ்ரீலட்சுமியும் மாப்பிள்ளையும் பேரன் கிரீஷும் நலம்தானே?

உன் பிள்ளை வினீத் இங்கே என்ன செய்கிறான் என்று கேட்டிருந்தாய். அவன் போனில் சொல்வது உனக்குக் காதில் விழுவதில்லை, வாட்ஸ்ஆப்பில் எழுதினால் கிரீஷ் வீடு முழுக்க வாசித்துக் காட்டுகிறான் என்கிறாய். ஆகவே நான் எழுதுகிறேன்.

மீன்பிடி வள்ளங்களுக்கு அவன் ஒரு சின்னக் கணினிப் பெட்டி செய்திருக்கிறான். ஒரு டிபன் டப்பா அளவுதான் இருக்கும், கடலில் விழுந்தாலும் மிதக்கும். வள்ளம் எங்கே இருக்கிறது என்பதைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஆபத்து என்று சொல்லும். இதே வேலைக்கு ஏற்கெனவே எல்லா வள்ளத்துக்கும் அரசாங்கத்தில் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பொதுப்பெட்டி என்று சொல்கிறோம். பொதுப்பெட்டியின் சார்ஜ் இரண்டு நாள் தாங்கும். வினீத் பெட்டி பத்து நாள் தாங்குகிறது. தூரமும் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. சோதனைப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே அளந்தேன். தப்பாக அளந்திருப்பேனோ என்று மறுநாளும் அளந்தேன். அதே எண்கள்தான்.

விழிஞ்ஞத்தில் மூன்று வள்ளங்களில் சோதனைக்கு வைத்திருக்கிறான். வாங்கத்தான் இன்னும் ஆள் இல்லை. அது பேசுவதைக் கேட்கும் கருவி, ரிசீவர், நம் வீட்டு மாடி அறையில் இருக்கிறது. ஏரியல் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். பகலில் வினீத் வெளியே அலைவதால் கேட்கும் வேலை எனக்கு. இரவு படுக்கும்முன் மெயின் சுவிட்சை அணைக்கிற ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். இப்போது அணைப்பதில்லை. மைனி இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
நயினார்


பூனா
25 ஜனவரி 2024

அண்ணனுக்கு மங்கலம் எழுதுவது. இங்கே சுகம். காதை மூடித்தான் போகிறேன், மூடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். உங்கள் முட்டிக்கு அந்தப் பழைய தைலத்தை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பெட்டி நல்ல பெட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை அண்ணா. இரண்டு நாள் தாங்குவதை எல்லோரும் வைத்திருக்கிறார்கள், பத்து நாள் தாங்குவதை வாங்க ஆளில்லை என்றால் அது எப்படி? நான் சரித்திரம் படித்தவள், எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

இன்னொன்று. இங்கே ஸ்ரீலட்சுமியின் வீட்டுக்காரர் தன் கம்பெனியில் வினீத்துக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். மே மாதக் கடைசி வரை காத்திருப்பார்களாம். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அப்பா இல்லாத பிள்ளை. நம் வீட்டில் மருமகனுக்கு மாமன் சொல்வதுதான் சொல். அந்தப் பெட்டியால் அவன் பிழைக்க முடியுமா முடியாதா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்பான். நான் சொன்னால் "நீ சும்மா இரும்மா" என்பான்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். எதுவானாலும் சரி.

மைனிக்கு என் அன்பு.

மங்கலம்


கரமனை
8 பிப்ரவரி 2024

அன்புள்ள மங்கலம்,

இங்கே எல்லோரும் நலம். டாக்டரைப் பார்த்தேன். அவரும் தைலம்தான் எழுதிக் கொடுத்தார்.

நீ கேட்ட கேள்வியை நான் வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்குள் கேட்டிருக்கிறேன். சரியான பதில் இதுதானா என்று தெரியவில்லை. நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு காலத்தில் கணினி செய்தோம். வெளியே விற்ற கணினிகளைவிட அது வேகமானது. சூட்டிலும் நின்றுபோகாது, கரண்ட் ஏறி இறங்கினாலும் தாங்கும். அதை ஒரு கூட்டுறவு வங்கியில் வைத்துக் காட்ட என்னை வித்துராவுக்கு அனுப்பினார்கள். காலையிலிருந்து எல்லாக் கணக்கும் போட்டுக் காட்டினேன். கடைசியில் அங்கிருந்த குமாஸ்தா அம்மா மேசையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்தாள். "சாரே, லெட்டர் அடிக்கிற பிளாப்பி. இது இதுல கேறுமோ?" என்று கேட்டாள். ஏறாது என்றேன். "பின்னே எந்தினா சாரே?" என்றாள், பிறகு இது எதற்கு என்று. கோபமாக இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். எங்கள் கணினி நன்றாக ஓடியது மங்கலம். அதில் ஓடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோரும் வேறொன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அதற்கு எழுதியதால் எல்லோரும் அதை வாங்கினார்கள், வாங்கியதால் மேலும் எழுதினார்கள். நடுவில் புகுந்து கதவைத் தட்ட எங்களுக்கு ஓர் இடமும் இல்லை.

வினீத் பெட்டியும் அப்படித்தான். அது பேசுவது அதற்கென்று இருக்கிற கருவிக்குத்தான் கேட்கும். அந்தக் கருவி இப்போது உலகத்தில் ஒன்று. நம் வீட்டு மாடியில் இருக்கிறது.

பொதுப்பெட்டியின் பாஷையையே இதற்கும் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். செய்து பார்த்துவிட்டானாம். அந்தப் பாஷைக்கு நிறைய மின்சாரம் வேண்டும். பேச வைத்தால் இதன் சார்ஜும் இரண்டு நாளில் தீர்கிறது. "பெறகு அது நம்ம பெட்டி இல்ல மாமா, அதுவும் அந்தப் பெட்டிதான்" என்கிறான்.

பெட்டி வைத்த மூன்று பேரில் யோசுவா என்பவர் அடிக்கடி வீட்டுக்கு வருவார். ஐம்பது வயது இருக்கும். தனி வள்ளத்தில் போகிறவர். மீன் கொண்டுவருவார், மைனி வேண்டாம் என்பாள், வைத்துவிட்டுப் போவார். போன வாரம் அவரிடம் பெட்டி எப்படி என்று கேட்டேன். "நல்ல பெட்டியாக்கும் சாரே. ஆனா இது இங்கிலீஷ் படிச்ச மருமக மாதிரி. குணம் நல்ல குணம். வீட்டில ஆருகூடயும் மிண்டாது, பேசாது" என்றார். வினீத்தும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து நாளாயிற்று.

நீ கேட்ட ஒரு வார்த்தையை அவசரப்பட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அண்ணன்
நயினார்


பூனா
3 மார்ச் 2024

அண்ணனுக்கு,

இங்கே நலம். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது இல்லை. கிரீஷுக்குப் பரீட்சை.

குமாஸ்தா அம்மா கதை புரிந்தது. நன்றாகவே புரிந்தது. அப்படியானால் பதில் உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு எதை அளந்துகொண்டிருக்கிறீர்கள்?

யோசுவாவின் மருமகள் பேச்சை ஸ்ரீலட்சுமியிடம் சொன்னேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவருக்கு நிஜமாகவே இங்கிலீஷ் படித்த மருமகள் உண்டா?

மங்கலம்


கரமனை
20 ஏப்ரல் 2024

அன்புள்ள மங்கலம்,

காய்ச்சல் முழுக்கப் போய்விட்டதா? இங்கே கடும் வெயில். மைனிக்குத் தலைசுற்றல் வந்து, சோதித்ததில் ஒன்றும் இல்லை. யோசுவாவுக்கு மருமகள் இல்லை. பிள்ளைகளே இல்லை. அவரும் மனைவி ராகேலும்தான்.

பொதுப்பெட்டி கொடுத்த துறையிலிருந்து குழு வந்தது. மூன்று பேர். வினீத்தின் பெட்டியைப் பார்க்கத்தான் வந்தார்கள். வினீத் என்னையும் உட்கார வைத்தான். அளந்த எண்களை நான் வாசித்தேன். தலைமை அதிகாரி நல்ல மனிதர், குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "கொள்ளாம் சாரே, எல்லாம் கொள்ளாம். ஆனா இது ஞங்ஙளுடெ ஸ்க்ரீன்ல வராதல்லோ" என்றார். நன்றாக இருக்கிறது, ஆனால் தங்கள் திரையில் தெரியாது என்கிறார்.

"உங்க அறையில ஒரு ரிசீவர் வச்சா வரும் சார். இலவசமாத் தாறேன்" என்றான் வினீத்.

"மோனே, நாளைக்கு இன்னொருத்தன் இதைவிட நல்லது கொண்டு வருவான். அவனுக்கும் ஒரு ரிசீவர். ராத்திரி டியூட்டியில ஒரு பையன் தான் இருப்பான். அவன் எத்தனை ஸ்க்ரீனைப் பார்ப்பான்?"

அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டம். இன்னொருவர் இது வேறு எங்கே பயன்படுகிறது என்று கேட்டார். எங்கும் இல்லை என்றான். எங்காவது பயன்பட்ட பிறகு வாருங்கள் என்றார். பயன்படுத்த அனுமதி வேண்டும், அனுமதிக்கு எங்காவது பயன்பட்டிருக்க வேண்டும். வினீத் என்னைப் பார்த்தான். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் வாங்கி வந்தால் மறுபடியும் பார்ப்பதாகச் சொல்லிப் போனார்கள். அதற்குப் பெங்களூரில் ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. வினீத் விசாரித்தான். அங்கே இருக்கும் இயந்திரம் பொதுப்பெட்டியைச் சோதிக்கச் செய்தது. "அந்த மெஷினுக்கு நம்ம பெட்டிகிட்ட கேக்கதுக்குக் கேள்வியே கெடையாது மாமா" என்கிறான். இருந்தாலும் ஜூனில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். பேசிப் பார்க்கப் போவானாம்.

அன்று மாலை என்னிடம் வந்து, "மாமா, எண் சரிதானே?" என்று கேட்டான். எண் சரிதான் என்றேன். அவன் கேட்டது அதுதானா என்று இப்போது யோசிக்கிறேன்.

மைனி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்
நயினார்


பூனா
2 மே 2024

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். மைனியைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள்.

அவன் கேட்டது எண்ணை அல்ல. நீங்களும் அது தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். "போதும் மக்கா, விட்டுரு" என்று நீங்கள் சொல்வீர்களா என்று பார்த்திருக்கிறான். அல்லது "விடாதே" என்று. இரண்டில் ஒன்று.

மே முடிய இன்னும் நாலு வாரம் இருக்கிறது. மாப்பிள்ளை நேற்றும் கேட்டார்.

நீங்கள் ஒரு வாய்த்தகராறில்கூட நின்று நான் பார்த்ததில்லை அண்ணா. பஸ்ஸில் சில்லறை தரவில்லை என்றால் இறங்கி வந்துவிடுவீர்கள். அது உங்கள் குணம், நான் குறை சொல்லவில்லை. இதில் மட்டும் அப்படி இறங்கி வந்துவிடாதீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்
மங்கலம்


பூனா
18 ஜூன் 2024

அண்ணனுக்கு,

என் கடைசிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. மே போய்விட்டது. மாப்பிள்ளை ஜூலை வரை கேட்டு வாங்கியிருக்கிறார்.

போன வாரம் டிவியில் கீழே ஓடிய எழுத்தில் விழிஞ்ஞம் என்று வந்தது. வள்ளம் என்றும் வந்தது. ஸ்ரீலட்சுமி படிப்பதற்குள் போய்விட்டது. வினீத்துக்குப் போன் செய்தோம். "ஒண்ணுமில்ல" என்றானாம். ஸ்ரீலட்சுமி என் காதுக்குள் கத்திச் சொன்னாள். பிறகு எடுக்கவே இல்லை. உங்கள் நம்பரில் மைனி எடுத்து, "அண்ணன் கீழ ரூம்ல இருக்கு, கூப்பிட்டா வரமாட்டேங்கு" என்றாளாம்.

எல்லோரும் உடம்புக்குச் சுகமா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

மங்கலம்


கரமனை
10 ஜூலை 2024

அன்புள்ள மங்கலம்,

எல்லோரும் உடம்புக்குச் சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

இங்கே மழை இந்த வருஷம் அதிகம். மாடிச் சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறது. அரிசியில் பூச்சி வைத்து, மைனி எல்லாவற்றையும் கொட்டி முறத்தில் புடைத்தாள். என் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். புது மாத்திரையில் வாய் வறண்டுபோகிறது.

நீங்கள் டிவியில் பார்த்தது உண்மைதான். ஜூன் முதல் வாரத்தில் ஒரு வள்ளம் திரும்பி வரவில்லை. யோசுவாவுடையது. அவரும் வரவில்லை. வினீத் அன்று பெங்களூரில் இருந்தான்.

ரிசீவரை மாடியிலிருந்து கீழ் அறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஒருவர் தினமும் வந்து பார்த்தார், அவருக்குப் படி ஏற முடியவில்லை. இப்போது வருவதில்லை. திரும்ப மாடிக்குக் கொண்டுபோகவில்லை, கனமாக இருக்கிறது.

வினீத் சாப்பிடுகிறான். கொஞ்சம்தான் சாப்பிடுகிறான், ஆனால் சாப்பிடுகிறான். பூனா வேலையைப் பற்றி அவனே பேச்செடுத்தான். போகிறேன் என்றான். சரி என்றேன்.

கிரீஷ் பரீட்சை என்னாயிற்று?

அண்ணன்
நயினார்


பூனா
28 ஜூலை 2024

அண்ணனுக்கு மங்கலம் எழுதுவது.

வினீத் நல்லபடியாக வந்து சேர்ந்தான். கிரீஷ் தேறிவிட்டான். எனக்கு வலது காதில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. புது மெஷின் வாங்கித் தந்திருக்கிறார்கள். வைத்தால் கடல் மாதிரி இரைகிறது, கழற்றி வைத்துவிட்டேன்.

வினீத் வந்ததிலிருந்து யாரிடமும் பேசவில்லை. என்னிடம் பேசினான். எனக்குக் கேட்காது என்பதால் ஒரு தாளில் எழுதி எழுதிக் காட்டினான். பிறகு தாளைக் கிழித்துவிட்டான்.

அன்று காலையில் சிவப்புப் பொத்தான் வந்ததாம். இடமும் வந்ததாம், துல்லியமாக. யோசுவாவின் பொதுப்பெட்டி சார்ஜ் நிற்கவில்லை என்று ரிப்பேருக்குக் கொடுத்திருந்ததால் அவரிடம் இருந்தது இது ஒன்றுதானாம். நீங்கள் உடனே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தீர்களாம். அந்தப் பையன், "ஸ்க்ரீன்ல இல்லல்லோ சாரே, பெட்டி நம்பர் பறயூ" என்று எண்ணைக் கேட்டானாம். இது வேறு பெட்டி என்றீர்களாம். அப்படியானால் எல்லாவற்றையும் எழுதி ஒரு மெயில் அனுப்புங்கள், மேலே காட்டிக் கேட்கிறேன் என்றானாம். நீங்கள் "சரி சார்" என்று போனை வைத்துவிட்டு மெயில் எழுத உட்கார்ந்தீர்களாம்.

"அந்த மெயில்ல ஒரு எழுத்துப்பிழை கூட இல்லம்மா" என்று எழுதிக் காட்டினான். "சப்ஜெக்ட் போட்டு, டிகிரி நிமிஷம் போட்டு, நாலு பேருக்கு நகல் போட்டு. மாமா அதை ரெண்டு தரம் திருத்தியிருக்கு. நான் டிராஃப்டைப் பாத்தேன்."

பெங்களூரில் அவனுக்கு நீங்கள் போன் செய்தது அதற்கும் பிறகுதானாம். அவன் விழிஞ்ஞத்தில் ராகேலைக் கூப்பிட்டு, அவள் சர்ச் மணியை அடிக்கச் சொல்லி, கரையில் ஆள் கூடும்போது மத்தியானம் ஆகியிருந்தது. அதற்குள் கடல் யாரையும் இறங்க விடவில்லை என்றான்.

நான் உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவனும் சொல்லவில்லை. காலையிலேயே போயிருந்தாலும் கிடைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது என்றான். "மாமாவுக்குக் கேட்டுது. மாமா ஒருத்தருக்குத்தான் கேட்டுது. அதுக்கு மாமா என்ன செய்யும்?" என்று எழுதினான்.

ஆனாலும் அண்ணா, ஒரு ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். எழுதிவிட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவன் வேலையில் சேர்ந்துவிட்டான். அந்தக் கம்பெனி பொதுப்பெட்டிக்கு உள்ளே வைக்கும் பாகங்களைச் செய்கிறதாம், எங்களுக்கு இதுவரை தெரியாது. அவனுக்குக் கொடுத்திருக்கும் முதல் வேலை, அதன் சார்ஜை இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளாக்குவது. அவனுக்கு எப்படி என்று தெரியும் என்கிறான். ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஏதோ படம் வரைகிறான். அது ஒன்றுதான் இப்போது அவனை எழுப்பி உட்கார வைக்கிறது.

தினமும் வந்து பார்த்தவர் யார்?

மங்கலம்


கரமனை
5 செப்டம்பர் 2024

அன்புள்ள மங்கலம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நான் சுகம். மைனியும் சுகம். உன் காது மெஷினை ஒரேயடியாகக் கழற்றி வைத்துவிடாதே. முதலில் அப்படித்தான் இரையும் என்று இங்கே ஒருவர் சொன்னார்.

வினீத் சொன்னது சரி. நான் சேர்க்க ஒன்றும் இல்லை. அந்த மெயிலுக்குப் பதில் வந்தது. கிடைத்தது, பொதுப்பெட்டியின் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்பவும் என்று இருந்தது. ஜூன் பத்தொன்பதாம் தேதி வந்தது.

தினமும் வந்தவர் ராகேல்.

மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் அடங்கி, விழிஞ்ஞத்திலிருந்து நாலு வள்ளங்கள் போயின. பெட்டி முதலில் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அவர் இல்லை. பெட்டியும் இல்லை. பெட்டியை அவர் மிதவை வளையத்தில் கட்டி வைத்திருந்தார், வளையமும் இல்லை. ஆனால் பெட்டி பேசிக்கொண்டிருந்தது. இங்கே திரையில் புள்ளி தெற்கே போய்க்கொண்டிருந்தது. வளையத்தோடு அவர் இருக்கிறாரா, வளையம் மட்டும் போகிறதா என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. சிறு வள்ளங்கள் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பெரிய கப்பல் ஒன்றும் ஒரு ஹெலிகாப்டரும் தேடின. அவர்கள் தேடியது அவர்கள் திரையில் கணக்குப் போட்டுக் காட்டிய இடத்தில். வினீத் கட்டுப்பாட்டு அறைக்குப் போய் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டு நின்றான். மாலையில் திரும்பி வந்தான்.

அன்றுதான் ராகேல் முதலில் வந்தாள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள், அவளுக்கு மூச்சு வாங்கும். நானும் வினீத்தும் ரிசீவரைக் கீழே கொண்டுவந்தோம். அவள் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில்தான் உட்கார்ந்தாள். மைனி சோறு வைத்தாள். முதல் நாள் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டாள். முதல் பஸ்ஸில் வருவாள், கடைசி பஸ்ஸில் போவாள். அழவில்லை. மூன்றாம் நாளுக்கு மேல் அவள் வீட்டில் பெண்கள் கூடி அழ வந்தார்களாம். "அவரு அங்க போய்க்கிட்டிருக்காரு, என்னத்துக்கு அழுகீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டாளாம்.

"இப்ப எங்க சாரே?" என்பாள். நான் பார்த்துச் சொல்வேன். கன்னியாகுமரிக்கு நேர் தெற்கே என்று ஒரு நாள் சொன்னேன். "அந்தப் பக்கம் அவருக்கு ஆரையும் அறியாதே" என்றாள்.

அவளிடம் சார்ஜ் பற்றி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து நாள் என்று அளந்தவன் நான். எப்போது நிற்கும் என்று எனக்குத் தெரியும், வினீத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த அறையில் இருந்தோம். நீ மே மாதம் எழுதிய கடிதம் பதில் போடாமல் அங்கேயே கிடந்தது. மறுபடி பிரித்தேன், படித்தேன், என்ன எழுதியிருந்தது என்று மனதில் ஏறவில்லை.

சொன்னது சொன்னபடி அது நின்றது. என் அளவு சரியாக இருந்தது. ராகேல் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உறங்கிட்டாரா?" என்று கேட்டாள். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். அவளுக்குப் புரிந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மைனியிடம் சொல்லிக்கொண்டாள். வினீத்தின் தலையில் கை வைத்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னிடம் ஒன்று சொன்னாள். அவன் உள்ளே இருந்தான், கேட்டிருக்க மாட்டான்.

"மத்தப் பெட்டி மாதிரி ரெண்டு நாளில தீந்திருந்தா, நானும் ரெண்டு நாளில அழுது தீத்திருப்பேன் சாரே. மோன் நல்ல பெட்டி செஞ்சுட்டான்."

குறையாகச் சொல்லவில்லை மங்கலம். பாராட்டாகவும் சொல்லவில்லை. பஸ் நேரம் கேட்பது போலச் சொன்னாள். அதன் பிறகு அவள் வரவில்லை.

ரிசீவர் இன்னும் கீழ் அறையில் இருக்கிறது. படுக்கும்முன் மற்ற சுவிட்சுகளை எல்லாம் அணைக்கிறேன். மற்ற இரண்டு வள்ளக்காரர்களும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேட்க இனி ஒன்றும் இல்லை. இருந்தாலும் இது ஒன்றை அணைக்கவில்லை. மைனியும் இப்போது சிரிப்பதில்லை.

நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாய். ஜனவரியிலிருந்து கேட்டாய். நான் கொடுக்கவில்லை. இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு நாளை ஐந்து நாளாக்குகிறான் என்று எழுதியிருந்தாய். அது நல்ல வேலை. அவன் செய்யட்டும், செய்து முடிக்கட்டும். இனி அது எல்லார் வள்ளத்திலும் இருக்கும், எல்லார் திரையிலும் வரும். ராகேல் வாசலில் சொன்னதை மட்டும் அவனிடம் சொல்லாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும், கிரீஷ் கையில் படாமல் வைத்துவிடு.

இங்கே மழை குறைந்துவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
நயினார்